நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஓர் இருமல்

கேட்கக் கூடாத இசை இது.
யாராவது நின்று கேட்டுவிட்டால்
எங்கோ நான் தப்புச் செய்திருக்கிறேன்.
ஈரி ஏரிக் கரையில்
பொய்ப்பாறைகளின் வயிற்றுக்குள்
அறுபத்தொரு ஒலிபெருக்கிகள்.
ஜெரேனியப் பாத்திகளில் இன்னும் பதினெட்டு.
ஐஸ்கிரீம் வழியும் கையோடு வருகிறவர்கள்
பாட்டு எங்கிருந்து என்று தேடக் கூடாது,
நடை மட்டும் கொஞ்சம் துள்ள வேண்டும்.

முதலில் இங்கே ஒற்றை ராட்டினம்தானாம்.
நீராவியில் ஊதும் அதன் குழல்பெட்டி
படகுத்துறை தாண்டியும் கேட்குமாம்.
பாதிரியார் ஒருவர் வழக்கே போட்டிருக்கிறார்,
ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்புக்கு நடுவில்
போல்கா புகுந்துவிடுகிறது என்று.
பிறகு மேடையும் பித்தளை வாத்தியக்காரர்களும்.
மழை வந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள்,
சம்பளம் மட்டும் நனையாது.
அதனால் இசைத்தட்டு வந்தது, கீறலோடு.
அதற்கப்புறம் நாடா.
நான் நாடாவோடு வந்தவன், எழுபத்தைந்தில்,
ஒரு பிளேடும் ஒட்டுத்தாளும் சட்டைப்பையில்.

கௌபாய் தெருவின் பாஞ்சோவும்
விண்வெளி நிலையத்தின் ரீங்காரமும்
வேலிச்சண்டை போடாமலிருக்க
நடுவில் ஓர் அருவி கேட்டு வாங்கினேன்.
அழகுக்கு என்று நினைத்தார் மேலாளர்.
அது சுவர். தண்ணீரில் எழுப்பிய சுவர்.
தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒரு நூற்றாண்டைத் தாண்டுகிறவன் காலில்
ஒரு சுரமும் இடறக் கூடாது.

முன்வாசல் தெருவுக்கு
நாற்பத்தேழு நிமிடம் ஒரு சுற்று.
அதன் பதிவில், கடைசி வால்ட்ஸ் அடங்கியபின்
புல்லாங்குழல்காரர் காசிமிர் இருமிவிட்டார்.
ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு. விட்டுவிட்டோம்.
அந்தக் குளிர்காலமே நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார்.
இருமல் மட்டும் கோடைதோறும் வேலைக்கு வந்தது
நாளைக்குப் பதினைந்து தடவை
இருபத்திரண்டு வருடம்.
ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.
இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்,
மதுக்கடையில், குறிப்பாக மூன்றாவது பீருக்கு.

தொண்ணூற்றேழில் கணினி.
கிளீவ்லாண்டிலிருந்து வந்த பையன்
திரையில் நீட்டிக்கொண்டிருந்த முள்ளைக் காட்டி
"குப்பை" என்று அழித்தான்.
நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் என் அறைக் கதவு தட்டப்பட்டது.
பாப்கார்ன் வண்டி லொரெட்டா டூபியல்.
மணிக்கட்டு வரை வெண்ணெய் வாசனை.
"எங்க போனான் என் ஆளு?"

எனக்குப் புரியவில்லை.
முன்வாசல் தெரு ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு.
அங்கே நிற்கிறவர்கள்
கையில் கடிகாரம் கட்டக் கூடாது என்பது விதி.

"மூணாவது இருமலுக்கு எண்ணெய் மாத்துவேன்.
ஏழாவதுக்குச் சாப்பாடு.
பத்துக்கு மேல முழங்கால் வலிக்க ஆரம்பிக்கும்.
பதினஞ்சாவதுக்கு வண்டியப் பூட்டிருவேன்.
மூணு நாளா எனக்கு மத்தியானமே வரல்ல."

கோபமா சந்தோஷமா தெரியவில்லை.
இத்தனை வருடமும் ஒருத்தி
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அசல் நாடா நிலவறை ஈரத்தில்
அப்பளக்கட்டாய் ஒட்டிப்போயிருந்தது.
அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு
மைக் முன்னால் நானே இருமினேன்.
முதல் நான்கும் நடிப்பு.
ஐந்தாவது சிரிப்பாகிவிட்டது.
ஆறாவதைச் சேர்த்தேன்.

மறுநாள் வண்டிப் பக்கம்
வேலையிருப்பதுபோல் போய் நின்றேன்.
வால்ட்ஸ் அடங்கியது.
இருமல்.
லொரெட்டாவின் கரண்டி பாதியில் நின்றது.
பாறையைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"இது வேற ஆளு" என்றாள்.
உப்பைத் தூவினாள்.
"பரவாயில்ல, சாப்பாட்டுக்கு ஆச்சு."